விசைப்பலகையைத் தொடாமல் மெயிலும் இணையமும்: குரலால் கணினியை இயக்குவது எப்படி?

கைபேசியில் மைக்கைத் தொட்டுவிட்டுப் பேசி, வாட்ஸ்அப் செய்தி எழுதுவது இன்று பலருக்கும் பழகிப்போன விஷயம். ஆனால் அதே குரலை வைத்துக் கணினியில் இன்பாக்ஸைத் திறக்கலாம், வேண்டாத மெயில்களை ஒதுக்கலாம், பதில் எழுதி அனுப்பலாம், ஒரு செய்தித் தளத்துக்குப் போய் வேண்டிய இணைப்பைத் திறந்து கீழே உருட்டிப் படிக்கலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. முயன்று பார்த்தவர்களிலும் நிறையப் பேர் ஓரிரு நாளில் விட்டுவிடுகிறார்கள். "நான் ஒன்று சொன்னால் அது ஒன்று செய்கிறது" என்பதே பெரும்பாலும் அவர்கள் சொல்லும் காரணம்.

அந்தப் புகாரைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். இன்றைய மென்பொருளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது: கேட்டதை என்ன செய்வது? மெயில் எழுதிக்கொண்டிருக்கும்போது "டெலிட் தட்" என்கிறீர்கள். அந்த இரண்டு சொற்களையும் அப்படியே மெயிலில் எழுத வேண்டுமா, கடைசியாக எழுதியதை அழிக்க வேண்டுமா? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அது சொல்லாமலே புரியும். மென்பொருளுக்கு ஒவ்வொரு முறையும் அது முடிவெடுக்க வேண்டிய கேள்வி. ஆக, குரலால் கணினியை இயக்குவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, சொன்னதை எழுதுவது. இன்னொன்று, சொன்னதைச் செய்வது. இந்த நொடியில் மென்பொருள் எந்த வேலையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

யாருக்கு இது தேவை? நாள் முழுக்கத் தட்டச்சு செய்து மணிக்கட்டு வலி வந்தவர்கள், முடக்குவாதத்தால் விரல் மடங்காதவர்கள், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவர்கள், தண்டுவடக் காயம் பட்டவர்கள், கை முறிந்து மாவுக்கட்டோடு இருப்பவர்கள். கை நன்றாக இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. இவர்களுக்கோ, அடுத்தவரைக் கூப்பிடாமல் தன் மெயிலைத் தானே படிக்கும் வழி. அதனால்தான் இதைப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் வேறு, இது வேறு. திரைவாசிப்பான் பேசும், நாம் கேட்போம். குரலறி மென்பொருளில் நாம் பேசுவோம், அது கேட்கும். திரையைப் பார்க்க முடிகிறவர், ஆனால் கையால் இயக்கச் சிரமப்படுகிறவர் என்பவரை மனதில் வைத்துத்தான் இந்தக் கட்டுரை.

குரல் எழுத்தாவது எப்படி

மைக் வழியே வரும் ஒலியைக் கணினி வழக்கமாக நொடிக்கு 16,000 முறை அளந்து எண்களாக்கிக்கொள்கிறது. பிறகு அதை 25 மில்லிவிநாடி அளவுள்ள துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்கள் ஓங்கி நிற்கின்றன என்று பார்த்து, இது 'ப'வாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, 'ம'வாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறது. வாய்ப்பு என்ற சொல் முக்கியம். உறுதியாக எதையும் அது சொல்வதில்லை. இதோடு இரண்டாவது கணக்கு ஒன்றும் சேர்கிறது: இந்த மொழியில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வழக்கமாக வரும் என்பது. இரைச்சலான போன் லைனில் பாதி காதில் விழுந்தாலும், பேசுகிறவர் யார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதை வைத்து மீதியை நாம் ஊகித்துக்கொள்கிறோமே, அப்படி.

இதனால்தான் தனியாக "பழம்" என்று சொன்னால் "பலம்" என்று விழ வாய்ப்பிருக்கிறது. "வாழைப்பழம் ஒரு டஜன் வாங்கி வா" என்று முழுசாகச் சொன்னால், ழகரத்தை நீங்கள் கொஞ்சம் சறுக்கினாலும் அது பெரும்பாலும் சரியாக எழுதிவிடும். சுற்றியுள்ள சொற்கள் அதைப் பிடித்து இழுத்துக்கொள்கின்றன. இங்கிருந்தே முதல் நடைமுறைப் பாடம் கிடைத்துவிடுகிறது: ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லாதீர்கள். ஒரு வாக்கியத்தை, குறைந்தது அதில் ஒரு பகுதியை, மனதில் முடித்துக்கொண்டு இயல்பான வேகத்தில் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

நிறுத்திச் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான 'ஆட்ரி' என்ற கருவிக்கு எண்கள் மட்டுமே புரியும். 1962-இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐபிஎம் காட்டிய 'ஷூபாக்ஸ்' 16 சொற்களை அறிந்தது. 1976-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஹார்ப்பி' 1,011 சொற்கள் வரை போனது. அந்த ஆய்வுக் குழுவை நடத்தியவர் ராஜ் ரெட்டி. அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர்ப் பக்கம் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, 1994-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றவர். நம் கிண்டியில் படித்த ஒருவருக்கு இந்தத் துறையின் அடித்தளத்தில் இவ்வளவு பெரிய பங்கு இருப்பது பலருக்குத் தெரியாது. அவருடைய மாணவர் ஜேம்ஸ் பேக்கரும் மனைவி ஜேனட் பேக்கரும் சேர்ந்து 1982-இல் தொடங்கிய நிறுவனம்தான் டிராகன். 1990-இல் வந்த அவர்களுடைய முதல் பெரிய மென்பொருளில் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். 1997-இல் வந்த 'டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங்' தான் சாதாரணமாகப் பேசுவதைத் தொடர்ச்சியாகக் கேட்டு எழுதியது. நிறுத்தி நிறுத்திப் பேசுவது அந்தப் பழைய காலத்துக்குச் சரி. இன்று அப்படிப் பேசினால், ஊகிக்க உதவும் சுற்றுச்சொற்களை மென்பொருளிடமிருந்து நாமே பறித்துக்கொள்கிறோம்.

எதை வைத்துத் தொடங்குவது

புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இல் 'வாய்ஸ் ஆக்சஸ்' இருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் ஸ்பீச் என்று போனால் கிடைக்கும். ஆப்பிள் 2019 முதல் மேக்கிலும் ஐபோனிலும் 'வாய்ஸ் கன்ட்ரோல்' தருகிறது. ஆண்ட்ராய்டுக்குக் கூகுளின் 'வாய்ஸ் ஆக்சஸ்' செயலி. பெயர் ஒன்றுதான், ஆனால் மைக்ரோசாஃப்டினுடையதற்கும் இதற்கும் தொடர்பில்லை. டிராகன் இன்றும் காசுக்கு விற்பனையில் இருக்கிறது. மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் போலத் துறைச் சொற்கள் நிறையத் தேவைப்படுகிறவர்களுக்கு அது உதவும். மற்றவர்கள் இலவசமாக இருப்பதை ஒரு மாதம் பழகிப் பார்க்காமல் அதன் பக்கம் போக வேண்டாம்.

காசு செலவழிக்கத் தோன்றினால் மைக்குக்குச் செலவழியுங்கள். லேப்டாப்பில் உள்ள மைக் தூரத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி, அடுக்களை மிக்சி, குக்கர் விசில், தொலைக்காட்சி எல்லாம் உங்கள் குரலோடு அதில் விழும். தலையில் மாட்டும் சாதாரண ஹெட்செட் மைக், வாயின் ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி இருந்தால் போதும். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் மூச்சுக்காற்று அடித்து 'ப', 'ட' போன்ற ஒலிகள் சிதறும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கணினி முழுவதையும் தமிழில் கட்டளை சொல்லி இயக்கும் வசதி இந்த மென்பொருள்களில் இல்லை. விண்டோஸின் வாய்ஸ் ஆக்சஸ் ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று விரிந்திருக்கிறது, தமிழுக்கு வரவில்லை. சொல்லி எழுதவைப்பதற்குத் தமிழ் உண்டு, கட்டளைக்கு ஆங்கிலம்தான். நல்லவேளையாக, தேவைப்படும் கட்டளைகள் இருபது முப்பதுதான். மொழி அமைப்பில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் நம் உச்சரிப்பு அதற்குப் பிடிபடுகிறது. ஆங்கிலம் சரளமாகப் பேச வராதவர்கூட "ஸ்க்ரோல் டவுன்", "கிளிக் ஃபைவ்" என்பவற்றைச் சீக்கிரமே பழகிக்கொள்ளலாம்.

மூன்று நிலைகள், ஒரு சிறு இடைவெளி

இனி எழுது, செய் விஷயத்துக்கு வருவோம். விண்டோஸின் வாய்ஸ் ஆக்சஸ் சாதாரணமாக இரண்டையும் ஒருங்கே கேட்கும் நிலையில் இருக்கும். நீங்கள் சொன்னது ஒரு கட்டளையோடு அப்படியே பொருந்தினால் செய்யும், இல்லாவிட்டால் எழுதும். "கமாண்ட்ஸ் மோட்" என்றால் கட்டளைகளை மட்டும் கேட்கும், எதையும் எழுதாது. "டிக்டேஷன் மோட்" என்றால் சொன்னதையெல்லாம் எழுதும். ஆப்பிளிலும் இதே போன்ற பிரிவுகள் உண்டு.

சாதாரண நிலையில் வேலை செய்யும்போது எல்லாவற்றையும் தீர்மானிப்பது மௌனம்தான். வாக்கியத்தைச் சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, கட்டளையைத் தனியாகச் சொல்லி, மறுபடி ஒரு கணம் நிறுத்த வேண்டும். "நாளை வருகிறேன் என்று சொல்லிவிடு நியூ பேராகிராஃப்" என்பதைப் போல ஒரே மூச்சில் எழுத்தையும் கட்டளையையும் கலந்தால் எது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் வரும் தவறுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளி இல்லாததால் வருபவை. கட்டளைச் சொல்லையே எழுத்தாகப் போட வேண்டியிருந்தால் முன்னால் "டைப்" சேர்த்துச் சொல்லலாம். "டைப் டெலிட் தட்" என்றால் எதுவும் அழியாது, அந்தச் சொற்கள் எழுத்தில் விழும்.

நான் பரிந்துரைப்பது இது: இன்பாக்ஸைப் பார்க்கும்போதும் இணையத்தில் உலவும்போதும் கமாண்ட்ஸ் மோட். எழுதும் பெட்டிக்குள் போன பிறகு மட்டும் சாதாரண நிலை. யாராவது அறைக்குள் வந்தாலோ போன் அடித்தாலோ முதலில் மென்பொருளைத் தூங்க வைக்க வேண்டும். விண்டோஸில் "வாய்ஸ் ஆக்சஸ் ஸ்லீப்", ஆப்பிளில் "கோ டு ஸ்லீப்". இதைச் சொல்ல மறந்தால் வீட்டில் பேசியதெல்லாம் அலுவலக மெயிலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

மெயில்: படிப்பது, ஒதுக்குவது

"ஷோ நம்பர்ஸ்" என்று சொல்லிப் பாருங்கள். திரையில் அழுத்தக்கூடிய ஒவ்வொன்றின் மீதும் ஓர் எண் வந்து உட்காரும். "கிளிக் ட்வெல்வ்" என்றால் பன்னிரண்டாம் எண் உள்ள மெயில் திறக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் ஜிமெயில் ஒரு பக்கத்தில் வழக்கமாக 50 உரையாடல்களைக் காட்டும். ஒவ்வொரு வரியிலும் தேர்வுப் பெட்டி, நட்சத்திரம், தலைப்பு என்று பல எண்கள். திரை முழுக்க எண்களாகி எழுத்தே மறைந்துபோகும். நாள்தோறும் மெயில் பார்ப்பதற்கு இது மட்டும் போதாது.

இங்கேதான் விசைப்பலகைக் குறுக்குவழிகள் கைகொடுக்கின்றன. விசைப்பலகையைத் தொடாதவருக்கு அது எதற்கு என்று தோன்றும். குரல் மென்பொருளிடம் "பிரஸ்" என்று சொல்லி எந்த விசையையும் அழுத்தச் சொல்லலாம் என்பதால், விசைக்கு இருக்கும் வழியெல்லாம் குரலுக்கும் வழியாகிவிடுகிறது. ஜிமெயிலின் செட்டிங்ஸில் குறுக்குவழிகளை இயக்கிக்கொண்டால், 'ஜே' அடுத்த மெயிலுக்கும் 'கே' முந்தைய மெயிலுக்கும் கொண்டுபோகும். 'இ' மெயிலை அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கிவைக்கும், 'ஆர்' பதில் எழுதும் பெட்டியைத் திறக்கும், 'சி' புது மெயில், 'யூ' பட்டியலுக்குத் திரும்பும். "பிரஸ் இ", "பிரஸ் ஜே" என்று நாலைந்து கட்டளைகளில் காலை மெயிலைச் சலித்து முடித்துவிடலாம்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. குறுக்குவழி இயங்கும்போது இன்பாக்ஸ் திரையில் நீங்கள் எழுதும் பெட்டிக்குள் இல்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ பேசுகிறீர்கள். மென்பொருள் அதை எழுத்தாக்கி அனுப்புகிறது. எழுதப் பெட்டி இல்லாததால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாகிவிடுகிறது. பேச்சில் ஓர் 'இ' வந்தால் ஒரு மெயில் ஒதுங்கும், 'ஆர்' வந்தால் பதில் பெட்டி திறக்கும், நொடியில் இன்பாக்ஸ் கலைந்துவிடும். குரல் பயனர்களுக்கு நேரும் இந்தத் தொல்லை உலக அளவில் அறியப்பட்டது. இணையத் தளங்கள் எல்லோரும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான உலகளாவிய வலைச் சேர்த்தியம் (W3C) வகுத்த நெறிமுறைகளின் 2018 பதிப்பில், ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகளை அணைக்கவோ மாற்றவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்று தனி விதியே சேர்த்தார்கள். ஜிமெயிலில் அந்தக் குறுக்குவழிகள் நீங்களாக இயக்கும்வரை அணைந்தே இருக்கும். இன்பாக்ஸில் கமாண்ட்ஸ் மோட் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்: அந்த நிலையில் பேச்சு எழுத்தாகவே மாறாது, கண்ணியும் இல்லை.

இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்கள் கன்ட்ரோல் விசையோடு சேர்ந்த குறுக்குவழிகள் உள்ள மென்பொருளைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் அவுட்லுக்கில் "பிரஸ் கன்ட்ரோல் ஆர்" பதிலுக்கு, "பிரஸ் கன்ட்ரோல் என்" புதிய மெயிலுக்கு. சாதாரணப் பேச்சு தவறுதலாக இவற்றை இயக்கிவிடாது.

மெயில்: எழுதுவது, அனுப்புவது

வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் மெயிலின் உள்ளடக்கம், பிறகு தலைப்பு, கடைசியில் பெறுநர். பெறுநர் இடம் காலியாக இருக்கும்வரை, தப்பித்தவறி "அனுப்பு" என்று அது கேட்டுவிட்டாலும் மெயில் போகாது. கூடவே ஜிமெயில் செட்டிங்ஸில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 நொடிக்கு வைத்துவிடுங்கள். அதுதான் அங்கே கிடைக்கும் அதிகபட்சம், குரல் பயனருக்கு அத்தனையும் வேண்டும்.

மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்வது இந்த வேலையிலேயே எரிச்சலானது. ஆங்கிலத்தில் பி, டி, ஈ, ஜி, வி எல்லாம் ஒரே ஓசையில் முடிவதால் மென்பொருள் தடுமாறும். நம் ஊர்ப் பெயர்களைச் சொன்னாலும் ஆங்கிலக் காது அவற்றை ஏதாவது ஆங்கிலச் சொல்லாக்கிவிடும். அடிக்கடி எழுதும் ஆட்களின் முகவரிகளைத் தொடர்புகளில் ஒருமுறை சேர்த்துவைத்து, அதற்குக் கேட்க எளிதான ஒரு பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது. "பேங்க் மேனேஜர்", "சென்னை பிரதர்" என்பது போல. அதைச் சொன்னதும் ஜிமெயில் பட்டியலில் காட்டும், "பிரஸ் என்டர்" சொன்னால் முடிந்தது. ஆப்பிள் வாய்ஸ் கன்ட்ரோலிலும் டிராகனிலும் புதுச் சொற்களைச் சேர்க்கும் சொற்பட்டியல் இருக்கிறது. குடும்பத்தார் பெயர், ஊர்ப் பெயர், அலுவலகப் பெயர் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே அங்கே ஏற்றிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் சொல்லும்போது "காமா", "ஃபுல் ஸ்டாப்", "நியூ லைன்", "நியூ பேராகிராஃப்" என்று நிறுத்தக்குறிகளையும் சொல்லலாம். பிழை விழுந்தால் உடனே பாய்ந்து திருத்தாதீர்கள். பத்தியை முடித்துவிட்டுத் திரும்பி வந்து "கரெக்ட்" என்று சொல்லிப் பிழையான சொல்லைச் சொன்னால், மாற்றுச் சொற்களை எண்ணிட்டுக் காட்டும். எண்ணைச் சொன்னால் மாறிவிடும்.

அனுப்பும் முன் ஒருமுறை கண்ணால் படிப்பது கட்டாயம். கையால் தட்டச்சு செய்பவர் பிழைவிட்டால் எழுத்து மாறும். எழுத்துப்பிழை சோதிப்பான் சிவப்புக் கோடு போடும். குரல் மென்பொருள் பிழைவிட்டால் முழுச் சொல்லே மாறும், அந்தச் சொல்லும் சரியான எழுத்துகளோடு இருக்கும். சிவப்புக் கோடு வராது. 'கேன்' என்பதும் 'கான்ட்' என்பதும் மாறிவிட்டால் வாக்கியத்தின் அர்த்தமே தலைகீழ். 'ஃபிஃப்டீன்' என்றது 50 ஆகிவிட்டால் பணக்கணக்கு தப்பும். தேதி, தொகை, "முடியும்–முடியாது" இந்த மூன்றையும் தேடிப் பார்த்துச் சரிசெய்த பிறகு அனுப்புங்கள்.

தமிழில் எழுத

2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. இன்று கைபேசியில் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழைத் தேர்ந்து மைக்கைத் தொட்டால் போதும். கணினியில் குரோமில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் பட்டியலில் குரல் தட்டச்சைத் தேர்ந்தெடுக்கலாம். மொழிப் பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தமிழ் தனித்தனியாக இருந்தால் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

மெயிலுக்கு எளிய வழி ஒன்று உண்டு. கைபேசியின் ஜிமெயில் செயலியில் தமிழில் பேசி எழுதி, அனுப்பாமல் வரைவாக விட்டுவிடுங்கள். அதே வரைவு கணினியிலும் இருக்கும். பெரிய திரையில் திருத்தி அங்கிருந்து அனுப்பலாம். ஒரு விரலையாவது பயன்படுத்த முடிகிறவர்களுக்கு இது நன்றாக ஒத்துவரும். ஒரே கணினியில் ஆங்கிலக் கட்டளைக் காதையும் தமிழ் எழுத்துக் காதையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்க வேண்டாம். இரண்டும் உங்கள் பேச்சுக்குப் போட்டியிடும்.

நீங்கள் "வந்துட்டேன்" என்றால் "வந்துட்டேன்" என்றே எழுதும். தோழிக்கு எழுதினால் அது போதும். அலுவலகத்துக்கு எழுதும்போது "வந்துவிட்டேன்" என்று எழுத்துத் தமிழில், செய்தி வாசிப்பது போலச் சொல்ல வேண்டும். சில நாள் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிடும். ஒற்றெழுத்துகள் பல இடங்களில் விடுபடும். சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்தும், பிரிக்க வேண்டியதைச் சேர்த்தும் போடும். கூகுள் டாக்ஸில் நிறுத்தக்குறிகளைச் சொல்லிப் போடும் வசதி தமிழுக்கு இல்லை. புள்ளியும் காற்புள்ளியும் பிறகு நாமே சேர்க்க வேண்டும்.

தமிழ் இதில் ஆங்கிலத்தைவிடப் பின்தங்கியிருப்பதற்குப் பெரிய காரணம், கற்றுக்கொடுக்கத் தேவையான குரல் பதிவுகள் குறைவு. சென்னை ஐஐடியில் உள்ள ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கு இப்படிப்பட்ட பதிவுகளைத் திரட்டித் திறந்த முறையில் தருகிறது. மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் யாரும் தங்கள் குரலில் தமிழ் வாக்கியங்களைப் படித்துச் சேர்க்கலாம். நெல்லையும் கொங்கும் யாழ்ப்பாணமும் பேசுகிறவர்களின் குரல் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் நாளை வரும் மென்பொருள் அவர்களுக்கும் செவிசாய்க்கும். நேரம் உள்ளவர்கள் பத்து வாக்கியமாவது படித்துக் கொடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இணையத்தில் உலவ

விண்டோஸ் கணினியின் பிரவுசரில் "பிரஸ் கன்ட்ரோல் எல்" முகவரிப் பட்டைக்குக் கொண்டுபோகும், "பிரஸ் கன்ட்ரோல் டி" புதுத் தாவல், "பிரஸ் ஆல்ட் லெஃப்ட்" முந்தைய பக்கம். நீண்ட கட்டுரைக்கு "ஸ்டார்ட் ஸ்க்ரோலிங் டவுன்" என்று சொன்னால் தானாக நகரும், "ஸ்டாப் ஸ்க்ரோலிங்" என்றால் நிற்கும்.

இணைப்பைத் திறக்க மூன்று வழிகள். அதன் பெயரைச் சொல்லலாம்: "கிளிக் கான்டாக்ட்". எண்களைக் காட்டச் சொல்லலாம். இரண்டும் பலிக்காவிட்டால் "ஷோ கிரிட்": திரை ஒன்பது கட்டமாகப் பிரியும், ஓர் எண்ணைச் சொன்னால் அந்தக் கட்டம் மறுபடி ஒன்பதாகும். மூன்று எண்களில் திரையில் 729-இல் ஒரு பங்கு இடத்துக்குப் போய்விடலாம். வரைபடம், படம் போன்றவற்றுக்கு இதுதான் வழி.

பெயர் சொல்லும் வழி சில தளங்களில் ஏன் வேலை செய்வதில்லை? மென்பொருள் உங்களைப் போலத் திரையைப் பார்ப்பதில்லை; பக்கத்தின் நிரலில் அந்தப் பொத்தானுக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது என்றே பார்க்கிறது. திரையில் 'சர்ச்' என்று இருந்து, நிரலில் வேறு பெயர் இருந்தால் நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் அழுந்தாது. வெறும் படமாக உள்ள சின்னங்களுக்குப் பெயரே இருக்காது. கண்ணுக்குத் தெரியும் பெயர் நிரலில் உள்ள பெயரிலும் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன அதே நெறிமுறைகள் கேட்கின்றன. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மின்னணுத் தகவல்கள் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. தளம் உருவாக்குகிறவர்கள் இதைப் படித்தால், தங்கள் பொத்தான்களின் பெயர்களை ஒருமுறை சரிபாருங்கள். அரை நாள் வேலைதான்.

தமிழ்த் தளங்களில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். பொத்தானில் 'உள்நுழை' என்று இருக்கும். ஆங்கிலம் மட்டும் கேட்கும் காதுக்கு அது எட்டாது. அங்கே எண்கள்தான் துணை. "ஷோ நம்பர்ஸ்" எந்த மொழித் தளத்திலும் ஒரேபோல வேலை செய்யும் என்பதால், தமிழ் வாசகர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய கட்டளை அதுதான்.

கடவுச்சொல்லை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். பிரவுசரின் கடவுச்சொல் காப்பகத்தையோ முகத்தைக் காட்டித் திறக்கும் வசதியையோ பயன்படுத்துங்கள். உங்கள் குரல் எங்கே போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் வாய்ஸ் ஆக்சஸும் ஆப்பிள் வாய்ஸ் கன்ட்ரோலும் உங்கள் கணினிக்குள்ளேயே கேட்டுக்கொள்கின்றன, இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும். விண்டோஸ் விசையோடு 'எச்' அழுத்தினால் வரும் குரல் தட்டச்சு போன்றவை ஒலியை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி எழுத்தாக்குகின்றன. மருத்துவ விவரம், பிறருடைய அந்தரங்கம் இவற்றை எழுதும்போது முதல் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

தொண்டை

கை வலிக்காகக் குரலுக்கு மாறியவர்கள் தொண்டை வலியோடு திரும்பிவருவதும் நடக்கிறது. மென்பொருளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக் குரலை உயர்த்துவதும், ஒரே தொனியில் இறுக்கிப் பேசுவதும்தான் காரணம். கத்தினால் ஒலி சிதைந்து பிழை கூடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் அளவுக் குரல் போதும். தண்ணீர் கையெட்டும் இடத்தில், அல்லது உறிஞ்சுகுழல் போட்டு வாயெட்டும் இடத்தில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை பேச்சை நிறுத்துங்கள்.

முதல் சில நாள்களுக்கு எழுதவே வேண்டாம். கமாண்ட்ஸ் மோடில் வைத்து மெயில் படிப்பது, ஒதுக்குவது, பிடித்த தளத்தை உருட்டிப் படிப்பது, இவ்வளவு மட்டும். "ஷோ நம்பர்ஸ்", "கிளிக்", "ஸ்க்ரோல் டவுன்", "பிரஸ்", "ஸ்லீப்" என்ற ஐந்தும் யோசிக்காமல் வாயில் வரத் தொடங்கிய பிறகு, உங்களுக்கு நீங்களே ஒரு மெயில் எழுதி அனுப்பிப் பாருங்கள். நடுவில் எந்தக் கட்டளையாவது மறந்துபோனால் "வாட் கேன் ஐ சே" என்று கேளுங்கள். முழுப் பட்டியலும் திரையில் வரும்.